உங்கள் ஆறு எது?

ஹாமில்டனில் அக்கா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த முதல் நாள் இரவே, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அக்கா மகள் கேட்டாள்: "மாமா, உங்க மலை எது? உங்க ஆறு எது?"

அவளுக்குப் பதினாலு வயது. நியூசிலாந்திலேயே பிறந்து வளர்ந்தவள். பள்ளியில் எல்லாப் பிள்ளைகளுக்கும் 'பெப்பெஹா' சொல்லித் தருகிறார்களாம். நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முறை அது. முதலில் மலையைச் சொல்ல வேண்டும், அப்புறம் ஆறு, அப்புறம் முன்னோர் கடல் தாண்டி வந்த படகு, குலம், குடும்பம். "நம்ம பேரு கடைசியிலதான் வரும் மாமா" என்றாள். வெளியிலிருந்து வந்தவர்கள் ஒரு மலையை 'என் மலை' என்று உரிமை கொண்டாடக் கூடாது, இந்த ஆற்றுப் பக்கத்தில் வளர்ந்தேன் என்று சொன்னால் போதும் என்று அவளுடைய ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால் அவள் வைக்காட்டோ ஆற்றைச் சொல்வாள். அவர்கள் வீட்டிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் அந்த ஆறு.

நான் மதுரைக்காரன். மலை என்றால் யானைமலை, ஆறு என்றால் வைகை. சொன்னேன். தலையாட்டிவிட்டு, "படகு?" என்றாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. விமானம் என்று சொல்லி அவள் கேள்வியைச் சின்னதாக்க மனம் வரவில்லை.

பிப்ரவரி மாதம், அங்கே கோடை. பத்து நாள் பயணத்துக்கு அக்கா ஒரு தாளில் மூன்று பத்தி பிரித்து எழுதி வைத்திருந்தாள்: பார்க்க வேண்டிய இடங்கள், சாகசம், மாவோரி பண்பாடு. சுற்றுலாக் கையேடுகளும் இப்படித்தான் பிரிக்கின்றன. ஒரு நாள் எரிமலை, ஒரு நாள் படகு, ஒரு மாலை நடனமும் விருந்தும். நியூசிலாந்து போகிற நம் ஆட்கள் பெரும்பாலும் இந்தப் பட்டியலோடுதான் போகிறார்கள், நானும் அப்படித்தான் போனேன். இரண்டாவது நாளே அந்த மூன்று பத்திகளையும் பிரித்து வைக்க முடியாமல் போனது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் ரோட்டோருவா. ஊருக்குள் கார் நுழையும்போதே கந்தக வாடை. தெருவோரச் சாக்கடை மூடியிலிருந்து ஆவி வருகிறது, பூங்காவில் வேலி போட்ட குட்டையில் சேறு கொதிக்கிறது. நாங்கள் நேராக ஃபக்கரேவரேவா கிராமத்துக்குப் போனோம். இன்றும் குடும்பங்கள் வாழ்கிற ஊர் அது. டூஹோரங்கி, நாட்டி வாஹியாவோ என்ற குலத்தாருடைய இடம். வீட்டு வாசலுக்குப் பக்கத்திலேயே வெந்நீர் ஊற்று. துணிப்பையில் மக்காச்சோளக் கதிர்களைப் போட்டுக் கொதிக்கும் குளத்தில் இறக்கி, சில நிமிடத்தில் எடுத்துக் கையில் தருகிறார்கள். தரைக்கு மேல் மரப்பெட்டி வைத்து, அதில் வரும் ஆவியில் இறைச்சியும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் வேகவைக்கிறார்கள். கல்லறைகளைக் கூடத் தரைக்கு மேல்தான் கட்டியிருக்கிறார்கள், ஏனென்றால் தோண்டினால் சூடு. ஓடைப் பாலத்தில் நின்றால் கீழே தண்ணீரில் சிறுவர்கள், நாம் போடும் காசை முங்கி எடுக்கிறார்கள். அதுவும் தலைமுறை தலைமுறையாக நடக்கிற ஒன்று.

எங்களைச் சுற்றிக் காட்டிய பெண் தன் பாட்டியும் அவருடைய அம்மாவும் இதே வேலை செய்தவர்கள் என்றார். இது எனக்குப் புதிது. பண்பாட்டுச் சுற்றுலா என்றால் யாரோ ஒரு நிறுவனம் அண்மையில் கிளப்பிவிட்ட வேடிக்கை என்றுதான் நினைத்திருந்தேன். ஆனால் இந்தக் குலத்தார் 19ஆம் நூற்றாண்டிலேயே வழிகாட்டிகள். அப்போது அவர்கள் டராவேரா மலைக்குப் பக்கத்தில் டெ வைரோவா என்ற ஊரில் இருந்தார்கள். இளஞ்சிவப்பிலும் வெள்ளையிலும் படிக்கட்டுப் போல அடுக்கடுக்காக இறங்கிய சிலிக்காப் பாறைகள் அங்கே இருந்தன, அவற்றைப் பார்க்க ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வருவார்களாம். சோஃபியா ஹினேரங்கி என்ற பெண்மணி வழிகாட்டிகளில் மிகவும் புகழ் பெற்றவர். 1886 ஜூன் 10ஆம் தேதி விடிவதற்கு முன் டராவேரா வெடித்தது. சுமார் 120 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் மாவோரிகள். சில ஊர்கள் முழுதாகச் சேற்றிலும் சாம்பலிலும் புதைந்தன, அந்தப் படிக்கட்டுகளும் போய்விட்டன. அன்று இரவு சோஃபியாவின் வீட்டுக்குள் ஒதுங்கிய அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிர் தப்பினார்கள். எல்லாம் இழந்து வந்தவர்களுக்கு உறவுக் குலத்தார் இடம் கொடுத்த ஊர்களில் ஒன்றுதான் ஃபக்கரேவரேவா. சோஃபியா இங்கே வந்தும் வழிகாட்டியாகவே இருந்தார்.

இதைக் கேட்ட பிறகு அந்தச் சோளக்கதிரை நான் வேறு மாதிரி சாப்பிட்டேன். அகதியாக வந்து சேர்ந்தவர்கள், வந்த இடத்தில் மறுபடி விருந்தினரை வரவேற்கத் தொடங்கியிருக்கிறார்கள். 'மனாக்கிட்டங்கா' என்று ஒரு சொல் இங்கே அடிக்கடி காதில் விழும். விருந்தோம்பல் என்று சொல்லலாம். ஆனால் வந்தவரின் மதிப்பு குறையாமல் பார்த்துக்கொள்வது, அதன் மூலம் தன் மதிப்பைக் காப்பது என்ற இரண்டும் அதற்குள் இருக்கிறது.

(மண்ணில் சமைப்பதைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று ஞாபகம் வருகிறது. 1836 வாக்கில் வில்லியம் கொலன்சோ என்ற மிஷனரி, வடக்கே ஃபங்கரெய் பக்கத்தில் மாவோரிப் பெண்கள் ஒரு வெண்கலப் பாத்திரத்தில் உருளைக்கிழங்கு வேகவைப்பதைப் பார்த்தார். அது பாத்திரமே இல்லை, உடைந்த மணி. அதைச் சுற்றித் தமிழ் எழுத்து. முகையதீன் பக்சு உடைய கப்பல் உடைய மணி என்று பொருள் வரும் வரி. காற்றில் சாய்ந்த மரத்தின் வேரடியில் கிடைத்ததாகச் சொன்னார்களாம். இப்போது வெலிங்டனில் டெ பாப்பா அருங்காட்சியகத்தின் வசம் இருக்கிறது. அதை வைத்துத் தமிழர்கள் முன்பே நியூசிலாந்து போனார்கள் என்று எழுதுபவர்கள் இருக்கிறார்கள், எனக்கு அவ்வளவு தூரம் போகத் தோன்றவில்லை. யாரோ ஒரு மரைக்காயர் கப்பலின் மணி, யாரோ ஒரு வீட்டுச் சமையலுக்கு உதவியிருக்கிறது. எனக்கு அதுவே நெகிழ்ச்சியாக இருக்கிறது.)

அன்று மாலை ஒரு பண்பாட்டு நிகழ்ச்சிக்கும் போனோம். பேருந்தில் வந்தவர்களில் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள், ஈட்டியோடு வீரர் ஒருவர் வந்து இலை ஒன்றைத் தரையில் வைப்பார், தலைவர் கண்ணைத் தாழ்த்தாமல் அதை எடுக்க வேண்டும். சமாதானமாக வந்திருக்கிறோம் என்று அதற்குப் பொருள். பிறகு பாட்டு, ஹாக்கா, குழியடுப்பில் வெந்த ஹாங்கி விருந்து. நன்றாகவே இருந்தது. ஹாக்காவைப் போர் நடனம் என்று மட்டும் எழுதுவதை நாம் நிறுத்த வேண்டும். வரவேற்புக்கும் ஆடுகிறார்கள், துக்கத்துக்கும் ஆடுகிறார்கள், பள்ளி ஆண்டு விழாவிலும் ஆடுகிறார்கள். ஆனால் என் கருத்து, மேடைக்கு முன்னால் கிராமத்தைப் பார்த்துவிடுங்கள். வரிசை மாறினால் பார்க்கிற கண் மாறிவிடுகிறது.

அடுத்த நாள் கைட்டுனா ஆற்றில் ராஃப்டிங். அங்கே டூட்டேயா என்ற அருவி ஏழு மீட்டர் உயரம். வணிக முறையில் ராஃப்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு குதிக்கும் அருவிகளில் உலகிலேயே உயரமானது என்கிறார்கள். பதிமூன்று வயது ஆனவர்களைத்தான் ஏற்றுவார்கள், மருமகள் தகுதி பெற்றுவிட்டாள். நான் எதிர்பாராதது இது: அருவிக்கு முன்னால் ஆறு கொஞ்சம் அமைதியாகிற இடத்தில் வழிகாட்டி இளைஞர் துடுப்பைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி 'கரக்கியா' சொன்னார். பிரார்த்தனை. பாறைக் குகைகளைக் காட்டி, சண்டைக் காலத்தில் பெண்களும் குழந்தைகளும் ஒளிந்துகொண்ட இடம் என்றார். அப்புறம்தான் 'குனிந்து கயிற்றைப் பிடி' என்ற கட்டளை. ராஃப்ட் மூக்கு கீழே போய், வெள்ளையாகத் தண்ணீர் மூடி, காது அடைத்து, எத்தனை வினாடி என்று தெரியவில்லை, மேலே வந்தோம். கவிழவில்லை. மச்சான் அந்த அரை நிமிடத்துக்குள் மாரியம்மனை மூன்று முறை கூப்பிட்டது எனக்குக் கேட்டது, அதில் தப்பும் இல்லை.

ரோட்டோருவாவிலிருந்து தெற்கே டௌப்போ ஏரி. 616 சதுர கிலோமீட்டர், எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தில் நிற்கும் தண்ணீர். அதையும் தாண்டினால் டோங்கரீரோ, நவுருஹோயே, ருவாப்பெஹு என்று மூன்று எரிமலைகள். இந்தச் சாலையில் போகும்போது மருமகள் ஒரு கதை சொன்னாள். டெ அராவா என்ற படகில் வந்த நாட்டோரோயிரங்கி என்ற பூசாரி டோங்கரீரோ மேல் ஏறினாராம். பனியில் உறைந்து சாகப் போகும் நேரத்தில், முன்னோர் கிளம்பி வந்த தூரத்து ஹவாயிக்கியில் இருக்கும் தன் சகோதரிகளைக் கூப்பிட்டு நெருப்பு அனுப்பச் சொன்னார். நெருப்பு கடலுக்கு அடியில் வந்தது, வழியில் தலையைத் தூக்கிப் பார்த்த இடங்களெல்லாம் எரிமலையும் வெந்நீருமாயின. ஃபக்காரி தீவு, ரோட்டோருவா, டௌப்போ, கடைசியில் டோங்கரீரோ. 'டோங்கா' என்றால் தென்காற்று, 'ரீரோ' என்றால் கொண்டுபோகப்பட்ட. குளிர்காற்றில் அவர் குரல் போனது என்பதுதான் மலையின் பெயர். புவியியலாளர்கள் டௌப்போ எரிமலைப் பகுதி என்று வரைபடத்தில் போடும் கோடும் ஏறக்குறைய இதே கோடுதான். நாங்கள் மூன்று நாளாகக் கார் ஓட்டிவந்ததும் அதே கோட்டில்.

டோங்கரீரோ தேசியப் பூங்காவின் கதையை அங்கே நடப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது. 1887ல் நாட்டி டூஃபரெட்டோவா குலத்தின் தலைவர் ஹோரோனுக்கு, நான்காம் டெ ஹெயுஹெயு, மூன்று சிகரங்களையும் அரசிடம் ஒப்படைத்தார். நில நீதிமன்றம் நிலத்தைக் கூறு போட்டு விற்க வழி செய்துகொண்டிருந்த காலம். மலை துண்டு துண்டாகிவிடும் என்ற பயம். நாட்டின் முதல் தேசியப் பூங்கா அப்படித்தான் பிறந்தது. புத்தகங்களில் 'அன்பளிப்பு' என்று எழுதினார்கள். மாவோரியில் அந்தச் செயலுக்குப் பெயர் 'டுக்கு'. கொடுத்துவிட்டுக் கை கழுவுவது அதில் இல்லை; சேர்ந்து காப்போம் என்று உன்னையும் உள்ளே அழைக்கிறேன் என்பதே அதன் பொருள் என்று அந்தக் குலத்தார் வாதிடுகிறார்கள். 1990ல் இயற்கைக்காக உலகப் பாரம்பரியச் சின்னமானது. 1993ல், மலைக்கும் மக்களுக்கும் உள்ள ஆன்மிக உறவுக்காக, பண்பாட்டு நிலக்காட்சி என்ற வகையில் உலகிலேயே முதலாவதாகப் பட்டியலில் சேர்ந்தது.

அக்காவுக்கு முழங்கால் வலி, அவள் வரவில்லை. நாங்கள் மூவரும் காலை ஆறு மணிக்கு வேனில் போய் மங்கட்டெப்போப்போவில் இறங்கினோம். கெட்டெட்டாஹி வரை சுமார் 20 கிலோமீட்டர், ஏழு எட்டு மணி நேரம். முதலில் பழைய எரிமலைக் குழம்பு உறைந்த கரடுமுரடான பள்ளத்தாக்கு, பிறகு மூச்சு வாங்கும் ஏற்றம், பிறகு கிரிக்கெட் மைதானம் போலத் தட்டையாக ஒரு பெரிய பள்ளம், மறுபடி ஏற்றம். 1,886 மீட்டரில் சிவப்புப் பள்ளம். திறந்த காயம் மாதிரி இருக்கிறது. அங்கிருந்து கீழே மூன்று மரகதக் குளங்கள் தெரியும்போது நடப்பவர்கள் எல்லோருமே ஒரு நிமிடம் நின்றுவிடுகிறார்கள். இறக்கம் முழுக்கப் பொடிக்கல். குதிகாலை அழுத்தி அழுத்தி இறங்க வேண்டும், பக்கவாட்டில் நடந்தால் வழுக்கும்.

இன்னும் கொஞ்சம் மேலே நீல ஏரி. அதன் பெயர் ரங்கிஹிரோவா முகம் பார்க்கும் நீர் என்று பொருள்படும். அது 'டாப்பு', அதாவது புனிதக் கட்டுப்பாடு உள்ளது. தண்ணீரைத் தொடக் கூடாது, கரையில் உட்கார்ந்து சாப்பிடக் கூடாது. சிகரங்களில் ஏற வேண்டாம் என்றும் குலத்தார் கேட்டுக்கொள்கிறார்கள். பலகையும் இருக்கிறது. அப்படியும் ஒரு கூட்டம் கரையில் கால் நீட்டி உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. கோயில் குளத்தில் எச்சில் துப்புபவனைப் பார்த்தால் வருமே, அந்தக் கோபம். மருமகள் மட்டும் போய்ப் பொறுமையாக அவர்களிடம் எடுத்துச் சொன்னாள். எழுந்துவிட்டார்கள், தெரியாது என்று மன்னிப்பும் கேட்டார்கள். தெரிந்துகொண்டு போவது ஒன்றும் பெரிய வேலை இல்லை. இப்போது இந்த நடைக்கு முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்யச் சொல்கிறார்கள், அந்தப் பக்கத்திலேயே எல்லாம் எழுதியிருக்கிறது.

சரி, இனி ஆறு. இந்தப் பயணத்தில் என்னை உலுக்கியது அதுதான்.

வங்கனூயி ஆறு டோங்கரீரோவின் சரிவில் பிறந்து 290 கிலோமீட்டர் ஓடி மேற்குக் கடலில் சேர்கிறது. இங்கே ஒரு உச்சரிப்புச் செய்தி: மற்ற இடங்களில் 'ஃப' என்று வரும் ஒலியை இந்த ஆற்று மக்கள் 'வ' போலத்தான் சொல்வார்கள், அதனால்தான் இப்படி எழுதுகிறேன். கதையின்படி மலைகள் ஒரு காலத்தில் கூட்டமாக இருந்தன. பிஹங்கா என்ற அழகிய மலைக்காக டரனாக்கியும் டோங்கரீரோவும் சண்டையிட்டன. தோற்ற டரனாக்கி மேற்கே ஓடியபோது நிலத்தைக் கிழித்துக்கொண்டு போன தடம்தான் ஆற்றின் பள்ளம். அந்தக் காயத்தை ஆற்றத் தண்ணீர் வந்தது.

நியூசிலாந்தின் 'பெருநடைகள்' என்ற பட்டியலில் இந்த ஆற்றுப் பயணத்தையும் சேர்த்திருக்கிறார்கள், நடையே இல்லாத ஒரே பெருநடை. வக்கஹோரோவில் தொடங்கிப் பிப்பிரீக்கி வரை 87 கிலோமீட்டர், மூன்று நாள். இரண்டு பேர் உட்காரும் திறந்த படகு. துணிமணி, அரிசி, அடுப்பு எல்லாம் மூடி இறுக்கிய பிளாஸ்டிக் பீப்பாய்களுக்குள் போய், பீப்பாய்கள் படகோடு கட்டப்படும். அக்காவும் மச்சானும் ஒரு படகு, நானும் மருமகளும் ஒன்று. படகு கொடுத்தவர் கரையில் நிறுத்தி அரை மணி நேரம் பாடம் எடுத்தார். வேக நீரில் தண்ணீர் நாக்கு மாதிரி வழவழப்பாக நீண்டிருக்கும், அதன் நடுவில் போ. பாறையில் மோதப் போனால் பாறைப் பக்கமே சாய், எதிர்ப்பக்கம் சாய்ந்தால் கவிழும். கவிழ்ந்தால் மல்லாந்து காலை முன்னால் நீட்டு.

முதல் நாள் 37 கிலோமீட்டர். இரு பக்கமும் சாம்பல் நிற மென்பாறைச் சுவர்கள், அதில் பாசியும் பெரணியும். பத்து நிமிடத்துக்கு ஓர் அருவி மௌனமாக வழிந்து ஆற்றில் சேரும். சாலை இல்லை, கைப்பேசி இல்லை. பேசிக்கொண்டே துடுப்புப் போட்ட நாங்கள் மதியத்துக்கு மேல் பேச்சை நிறுத்திவிட்டோம். இரண்டாம் நாள் மங்கப்புருவா என்ற துறையில் படகைக் கட்டிவிட்டுக் காட்டுக்குள் நாற்பது நிமிடம் நடந்தால் ஒரு கான்கிரீட் பாலம். முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய சிப்பாய்களுக்கு இந்தப் பள்ளத்தாக்கில் நிலம் கொடுத்தார்கள். காட்டை வெட்டி, ஆடு வளர்த்து, சாலைக்குக் காத்திருந்து, மண் சரிந்து, ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிவிட்டது. 1936ல் பாலம் முடிந்தபோது பாதிக்கு மேல் போய்விட்டார்கள், 1942ல் எல்லோரும். இப்போது பாலத்துக்கு அந்தப் பக்கமும் காடு, இந்தப் பக்கமும் காடு. அதன் பெயரே எங்கும் போகாத பாலம்.

அன்று மாலை டீயெக்கே. ஆற்றங்கரை மேட்டில் ஒரு மரத்தூண், செதுக்கிய முகங்களோடு. இது பயணிகள் தங்கும் விடுதியும்தான், ஆனால் முதலில் மராயி, குலத்தாரின் கூடுமிடம். ஆட்கள் இருந்தால் வரவேற்புச் சடங்கு செய்வார்கள் என்று சொல்லியிருந்தார்கள். அன்று இருந்தார்கள். அன்றைக்கு வந்த நாலைந்து படகுக்காரர்களையும் ஒன்றாக நிற்க வைத்தார்கள். பெண்கள் முன்னால், ஆண்கள் பின்னால். வாசலில் வயதான ஒரு பெண்மணி குரலெடுத்து அழைத்தார். பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. நம் ஊரில் ஒப்பாரி தொடங்கும் முதல் இழுப்பு இருக்குமே, அது மட்டும்தான் எனக்கு அதற்குப் பக்கத்தில் வருகிறது. வந்தவர்களோடு அவர்களுடைய இறந்தவர்களும் வருகிறார்கள் என்று எண்ணித்தான் அப்படி அழைப்பார்களாம். என் அப்பா போய் அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவர்கள் பக்கம் ஒருவர் பேசியதும், விருந்தினர் பக்கம் ஓர் ஆண் பேச வேண்டும். எந்த மொழியானாலும் சரி என்றார்கள். கூட இருந்தவர்கள் என்னைப் பார்த்தார்கள். நான் தமிழில் பேசினேன். வைகைக் கரையிலிருந்து வருகிறோம், உங்கள் ஆற்றில் இரண்டு நாளாக வந்துகொண்டிருக்கிறோம், எங்களை விட்டதற்கு நன்றி என்று நாலு வரி. ஒவ்வொரு பேச்சுக்குப் பின்னும் பாட்டு வர வேண்டும், மருமகள் பள்ளியில் படித்த ஒரு சின்ன மாவோரிப் பாட்டை எடுத்தாள், அந்தப் பக்கத்திலிருந்தும் சேர்ந்து பாடினார்கள். உறையில் காணிக்கை வைத்தோம். பிறகு வரிசையாக மூக்கும் நெற்றியும் ஒட்டி 'ஹொங்கி', ஒரே மூச்சைப் பகிர்வது. அதன்பின் தேநீர். சாப்பாடு பட்டதும் சடங்கின் கட்டுப்பாடு தளர்ந்து எல்லோரும் சாதாரண மனிதர்கள் ஆகிவிடுகிறோம்.

பாத்திரம் கழுவும்போது, எங்களை அழைத்த அந்தப் பெண்மணி துணியை எடுத்துத் துடைத்துக்கொண்டே மருமகளிடம் எந்த ஊர் என்று கேட்டார். ஹாமில்டன் என்றாள். அப்படியானால் எங்கள் ஆற்றைத்தான் நீ குடிக்கிறாய் என்றார். குற்றம் சொல்லும் குரல் இல்லை, உறவு சொல்லும் குரல்.

அவர் விளக்கியது இது. 1970களின் தொடக்கத்திலிருந்து, மலை மேலே வங்கனூயியின் தலைநீரில் பெரும்பகுதியை மின்சாரத்துக்காகத் திருப்பிவிட்டார்கள். கால்வாயும் சுரங்கமுமாகப் போய், ரோட்டோவாயிரா ஏரி வழியாக டோக்கானு மின்நிலையத்தில் விழுந்து, டௌப்போ ஏரியில் சேர்கிறது. டௌப்போவிலிருந்து கிளம்புவது வைக்காட்டோ. ஹாமில்டன் குடிப்பது வைக்காட்டோ தண்ணீர். மருமகள் கையிலிருந்த தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். பள்ளியில் எத்தனை முறை அந்த ஆற்றின் பெயரைச் சொல்லியிருப்பாள்.

இந்த ஆற்றுக்காக 1870களிலிருந்தே மனு போட்டுக்கொண்டிருக்கிறார்கள் இந்த மக்கள். நீராவிக் கப்பல் ஓட வழி செய்ய அவர்களுடைய விலாங்கு மீன் அடைப்புகளை உடைத்தார்கள், ஜல்லி எடுத்தார்கள், தண்ணீரைத் திருப்பினார்கள். ஒவ்வொன்றுக்கும் ஆட்சேபம், மனு, வழக்கு. 2017 மார்ச்சில்தான் நாடாளுமன்றம் சட்டம் போட்டது. மலையிலிருந்து கடல் வரை, கிளை ஆறுகளோடும் கண்ணுக்குத் தெரியாதவற்றோடும் சேர்த்து, இது பிரிக்க முடியாத ஓர் உயிர், சட்டப்படி ஒரு நபர். அதன் சார்பில் பேச இருவர், ஒருவரைக் குலத்தாரும் ஒருவரை அரசும் நியமிக்க வேண்டும். 8 கோடி நியூசிலாந்து டாலர் இழப்பீடும் மன்னிப்பும் உடன்படிக்கையில் இருந்தன. அதே மாதம் நைனிடாலில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் நபர்கள் என்று தீர்ப்புச் சொன்னது, சில மாதத்தில் உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

நான் அந்தப் பெண்மணியிடம் ஒன்று கேட்டேன். சட்டத்துக்குப் பிறகு தண்ணீர் திரும்பி வந்துவிட்டதா? இல்லை என்றார். மின்நிலையம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. இப்போது யார் இந்த ஆற்றில் என்ன செய்ய நினைத்தாலும் ஆற்றிடம் கேட்க வேண்டும், அதுவே ஒரு தொடக்கம் என்றார். 'ஆறு நான், நான் ஆறு' என்று அவர்களிடம் ஒரு பழஞ்சொல் உண்டு. நாம் மேடையில் சொல்லும் உருவகமாக அது அங்கே புழங்கவில்லை. உடம்பு சரியில்லாத தாயைப் பற்றிப் பேசுவது போலத்தான் அவர் பேசினார்.

இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. வைகை என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேனே, மதுரைக்காரன் குடிப்பது எந்தத் தண்ணீர்? மேற்கே அரபிக் கடலுக்கு ஓடிய பெரியாற்றை 1895ல் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினார்கள். அது சுருளியாற்றோடு சேர்ந்து வைகைக்கு வருகிறது. பென்னிகுயிக்கைக் கும்பிடுகிற வீட்டில் வளர்ந்தவன் நான், அந்த நன்றி எனக்கு இன்றும் உண்டு, அந்தத் தண்ணீர் இல்லாவிட்டால் எங்கள் பக்கம் வயலே இல்லை. ஆனால் பெரியாற்றுக்கு ஒரு வணக்கம் சொல்ல வேண்டும் என்று நாற்பத்தோரு வயது வரை எனக்குத் தோன்றியதில்லை.

மறுநாள் கிளம்பும்போது அவர் ஒன்று சொல்லி அனுப்பினார். ஒவ்வொரு வேக நீருக்கும் காவல் உண்டு, நுழையும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். மருமகள் ஒவ்வொன்றிலும் "கியா ஓரா" என்றாள், நான் வணக்கம் என்றேன். கடைசியில், பிப்பிரீக்கிக்குக் கொஞ்சம் முன்னால், ஐம்பதுக்கு ஐம்பது என்று பெயர் வைத்திருக்கும் இடத்தில் அலை பக்கவாட்டில் அடித்துக் கவிழ்ந்தோம். குளிர் நெஞ்சைப் பிடித்தது. மல்லாந்தேன், கால் முன்னால். ஒரு கையில் படகின் கயிறு, மறு கையில் மருமகளின் உயிர்காப்பு அங்கியின் பட்டை. ஆறு எங்களைச் சுழற்றி, நூறு மீட்டர் தள்ளி, கூழாங்கல் திட்டில் கொண்டுபோய் வைத்தது. பீப்பாய்கள் ஒன்றும் அவிழவில்லை. அக்கா கரையில் நின்று கத்திக்கொண்டிருந்தாள். "ஒண்ணும் இல்லம்மா, குடிச்சுப் பார்த்தோம்" என்றாள் மகள், பல் தந்தியடிக்க.

பிப்பிரீக்கியில் எங்களை ஏற்ற வேண்டிய வேன் இரண்டு மணி நேரம் வரவில்லை. ஈரத் துணியைப் புல்லில் காயப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம். மருமகள் நோட்டில் எதையோ எழுதி அடித்து எழுதிக்கொண்டிருந்தாள். பெப்பெஹாவை மாற்றுகிறாளாம். வைக்காட்டோ பக்கத்தில் வளர்ந்தேன் என்ற வரிக்குக் கீழே, வங்கனூயி நீரையும் குடித்து வளர்ந்தேன் என்று இன்னொரு வரி. அதை ஆசிரியையிடம் கேட்டுச் சரியான மாவோரியில் எழுத வேண்டும் என்றாள்.

"உங்களுக்கும் ரெண்டு ஆறு போடணும் மாமா. இன்னொண்ணு பேரு என்ன சொன்னீங்க?"

"பெரியாறு."

"ஸ்பெல்லிங் சொல்லுங்க."

சொன்னேன். தமிழிலும் எழுதிக் காட்டச் சொன்னாள். எழுதிக்கொண்டிருக்கும்போது வேன் வந்துவிட்டது, எழுந்து பீப்பாய்களை ஏற்றினோம்.